இறங்கட்டும், சொல்லிக்கலாம்

மேற்குத் தாம்பரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் டிக்கெட் பாய். சண்முகம் சாலையில் ஒரு செல்போன் கடைக்குப் பக்கவாட்டில் செங்குத்தான படி ஏறிப் போனால் அவருடைய அலுவலகம். இரண்டு மேஜை, மூன்று நாற்காலி, பாதி நாள் ஓடாத ஒரு ஏசி, சுவரில் மக்காவின் படம் போட்ட காலண்டர். இப்போது அங்கே டியூஷன் சென்டர் நடக்கிறது. பாய் மகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்தப் படி வழியாகப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், நானும் பாயும் அங்கே வேலை பார்த்தபோது அந்தப் படியில் ஏறிவந்த ஆட்களின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

என் கணவர் வேலை பார்த்த திருமுடிவாக்கம் பட்டறையை மூடியபோது நான் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருந்தவள். கணினியில் விமான டிக்கெட் போடுவதைப் பாயே ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்தார். மக்காவுக்கு உம்ரா போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் தாய் தகப்பன்மார், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் என்று எல்லாக் கடைக்கும் வருகிற கூட்டம் எங்களுக்கும் வந்தது. ஆனால் பாய்க்குப் பெயர் வாங்கித் தந்தது அவசர டிக்கெட். ஊரில் ஒருவர் இறந்துவிட்டார், மகனோ புருஷனோ துபாயில், தோஹாவில், குவைத்தில் இருக்கிறான், உடனே வரவேண்டும் என்றால் படப்பையிலிருந்து பல்லாவரம் வரை பாய்க்குத்தான் போன் அடிப்பார்கள். சில வீடுகளில் பிரீசர் பாக்ஸுக்குச் சொல்வதற்கு முன்பே பாய்க்குச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் போனில் பாய் கேட்கும் முதல் கேள்வி, இறந்தது யார் என்பது இல்லை.

"வரவேண்டியவருக்குச் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று பதில் வந்தால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். "சொல்லாதீங்க. சீரியஸா இருக்காங்க, வந்து பாத்துட்டுப் போன்னு மட்டும் சொல்லுங்க. வீட்ல யாரும் போன எடுக்க வேணாம். எடுத்தா அழுதுடுவாங்க. இறங்கட்டும், சொல்லிக்கலாம்."

இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டு வேலையில் இறங்குவார். வரவேண்டியவனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவனின் நம்பரை வாங்குவார். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கூடவே இரு. ஏர்போர்ட் உள்ள போற வரைக்கும் அவன் போன்ல பேஸ்புக் கீஸ்புக் பாக்காம பாத்துக்க" என்பார். கம்பெனி மேலாளரிடம் உடைந்த அரபியில் பேசுவார். கடைசியில் வரவேண்டியவனிடமே பேசுவார். "ஐசியூல வெச்சிருக்காங்கப்பா. டாக்டர் நம்பிக்கையாத்தான் சொல்றாரு. நீ வா." குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் நான்தான் அதைக் கேட்க முடியாமல் பழைய பில்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பேன்.

வேளை தவறாமல் தொழுகிற மனிதர். ஒரு நாள் கேட்டுவிட்டேன். "இவ்வளவு பொய் சொல்றீங்களே பாய்?"

"பொய்தான். அதுக்கு நான் அல்லாகிட்ட பதில் சொல்லிக்கறேன். நீ சீட் இருக்கான்னு பாரு."

விமானம் கிளம்பும்வரை அவர் டீகூடக் குடிக்க மாட்டார். கிளம்பிவிட்டது என்று திரையில் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "இனிமே கவலை இல்லம்மா. மேல போயிட்டா அவன யாரும் புடிக்க முடியாது." அப்புறம்தான் டீ.

இறங்கும் நேரத்துக்கு அவரே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போவார். சொந்தக்காரர்கள் வந்தால் அழுது காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அவர்களை வரவிட மாட்டார். வெளியே வருகிறவனை வண்டியில் ஏற்றி, தண்ணீர் கொடுத்து, ஜிஎஸ்டி சாலையில் பல்லாவரம் தாண்டியதும் தொடையில் கைவைத்துச் சொல்லுவார். படப்பை வெல்டர் ஒருவர், தகப்பனார் இறந்தபோது அப்படி வந்தவர், குரோம்பேட்டைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறான். பாய் அவரை அவசரப்படுத்தவில்லை. அவர் அழுது ஓயும்வரை வெயிலில் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அந்த வெல்டர் அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் வந்து, ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்து, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

எல்லோரும் பேரீச்சம்பழத்தோடு வரவில்லை. சேலையூரைச் சேர்ந்த ஒரு நர்ஸ், குவைத்தில் வேலை, எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்தான், அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாள் படியேறி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் நர்ஸ் பாய். எத்தனையோ குடும்பத்துக்கு நானே என் வாயால சொல்லியிருக்கேன், போயிட்டாங்கன்னு. எனக்குச் சொல்ல உங்களுக்கு என்ன பயம்? ஊருக்கே தெரியும். எங்க தெரு இஸ்திரிக்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஃபிளைட்ல அப்பா குணமாகணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன். செத்துப்போனவருக்கு."

பாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். ஆனால் அடுத்த வாரம் இன்னொரு போன் வந்தபோது, அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்.

அந்த வருடங்களில் நான் எப்போதும் களைத்துப்போயிருந்தேன். முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து, படியேறி, கணினியைத் திறந்தால் யாரோ ஒருவருடைய சாவு காத்துக்கொண்டிருக்கும். பெயரை, பாஸ்போர்ட் எண்ணைத் தட்டும்போது அந்த ஆள் இன்னும் ஒன்றும் தெரியாமல் எங்கேயோ ரொட்டி தின்றுகொண்டிருப்பான் என்று தோன்றும். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் தோன்றும். பாய்க்கு அந்தக் களைப்பு வரவேயில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்தது. விமானத்துக்குள் இன்டர்நெட் வந்ததோடு வந்தது.

முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணக்காரர்கள் உட்காரும் முன்வரிசைக்கு மட்டும் என்று நினைத்தோம். அப்புறம் சில விமானங்களில் எல்லோருக்குமே வாட்ஸ்அப் மட்டும் இலவசம் என்று ஆயிற்று. தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஒருவரைப் பாய் அப்படித்தான் ஏற்றிவிட்டார். தாயார் இறந்துபோயிருந்தார். ரூமில் இருந்தவன் விமான நிலையம்வரை கூடவே இருந்து காவல் காத்தான். விமானம் கிளம்பியது. பாய் டீ குடித்தார். மேலே போன கொஞ்ச நேரத்தில் அந்த மெக்கானிக் போனைத் திறந்திருக்கிறார். அத்தை மகன் ஸ்டேட்டஸில் அம்மாவின் படம், சுற்றிலும் கறுப்பு ரிப்பன், கீழே கண்ணீர் அஞ்சலி.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே பாய்க்குப் புரிந்துவிட்டதாம். அந்த ஆளே சொன்னாராம். "மேலயே அழுதுட்டேன் பாய். எழுந்து நின்னுட்டேன். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது. எனக்கு ஒண்ணும் வரல. பக்கத்து சீட்டுக்காரன் எந்த ஊருன்னே தெரியாது, அவன் தோள்ல சாஞ்சு அழுதேன். அவன் பயந்துட்டான்."

இதை என்னிடம் சொன்ன அன்று பாய் மேஜையில் வைத்த டீயைத் தொடவேயில்லை. அதற்குப் பிறகு அவர் வேறு ஒரு மனிதராக ஆனார். லீவில் வரும் ஒவ்வொருவனையும் பிடித்துவைத்து விசாரிப்பார். "உன் ஃபிளைட்ல நெட் இருந்துச்சா? எப்பத் தொறந்தாங்க? காசா, சும்மாவா? பேச முடியுமா, எழுதத்தான் முடியுமா?" எழுதலாம், படம் பார்க்கலாம், பேசத்தான் விடுவதில்லை என்றார்கள். நன்றாக மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்த பிறகு திறக்கிறது என்றார்கள். சில நாடுகளின் வானத்தில் போகும்போது அறுந்துபோகிறது, அப்புறம் வருகிறது, இறங்கத் தொடங்கியதும் நின்றுவிடுகிறது என்றார்கள். பழைய விமானங்களில் ஒன்றுமே இல்லை என்றார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து அவசர டிக்கெட் என்றால் நெட் இல்லாத விமானமாகப் பார்க்கச் சொன்னார். டிக்கெட் போட அது ஒரு புது அளவுகோல். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் முதலாளி.

குன்றத்தூர்காரர் விஷயம் நடந்தது அப்போதுதான்.

அவர் துபாயில் கிரேன் ஓட்டினார். மூத்த மகன். குன்றத்தூர் மலையடிவாரத்தில் வீடு. அம்மா காலையில் வாசலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி போன் பண்ணினார். "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது பாய். அம்மான்னா அதுக்கு உசுரு. தாங்காது. நீங்கதான் எப்டினா இட்டாந்து சேக்கணும்."

நேராகச் சென்னைக்கு வரும் விமானத்தில் இடம் இருந்தது. மறுநாள் காலையில் இறங்கிவிடலாம். நான் சொன்னேன்.

"அதுல நெட் இருக்கும்மா" என்றார் பாய். "இவன் எந்நேரமும் போன்லயே இருக்கறவனாம். சொந்தக்காரங்க குரூப்ல ஊரே இருக்கு. ஒருத்தன் போட்டுட்டா முடிஞ்சுது. கொழும்பு வழியா பாரு. அங்க மாறுற ரெண்டு ஃபிளைட்லயும் நெட் கிடையாது, கொழும்புல அவன் துபாய் சிம்மும் எடுக்காது."

"கொழும்பு வழியா வந்தா மதியம் ஆயிடும் பாய்."

"நாளைக்குச் சாயங்காலம்தானே எடுக்கறாங்க. வந்துடுவான்."

மறுநாள் கொழும்பில் மழை. சாதாரண மழை இல்லை. விமானங்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. மதியம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. தம்பி அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டார். பெரியவர்கள் இருட்டுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள், இன்றைக்கு விட்டால் நாளைக்கு நாள் சரியில்லையாம், என்ன செய்வது என்று கேட்டார். பாய் போனைப் பிடித்துக்கொண்டு "வந்துடுவாரு, வந்துடுவாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மூத்தவருக்குக் காத்திராமல் எடுத்துவிட்டார்கள், தம்பி கொள்ளி வைத்தார். மூத்தவர் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பாய் எழுந்து நின்றார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை.

"கொழும்பு ஏர்போர்ட்ல சும்மா குந்திகினு இருந்தேன் பாய். என் சிம்முக்கு அங்க நெட்டு கெடைக்கல, போரடிச்சுது. கடைங்கள்லாம் சுத்திப் பாத்தேன். அம்மாக்கு ஒரு பொடவ வாங்கினேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா கட்டிக்கட்டும்னு. பச்சக் கலரு. அதுக்குப் பச்சன்னா புடிக்கும்." மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். "நேரா வர்ற ஃபிளைட்டு ஃபுல்லா பாய் அன்னிக்கு?"

பாய் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. அவர் வாயில் பொய் தடுமாறாது என்பது எனக்குத் தெரியும். நான் கணினியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல தம்பி. சீட் இருந்துச்சு."

"அப்பறம்?"

"அதுல நெட் இருந்துச்சு. வழியில உனக்குத் தெரிஞ்சுடும்னு..."

குன்றத்தூர்காரர் அவரையே பார்த்தார். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மெதுவாக எழுந்தார்.

"நான் எங்க அழுவணும்னு சொல்றதுக்கு நீ யாரு பாய்?"

கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரிக் கேட்டார். பிறகு அவர் படியிறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் கீழே சாலையின் இரைச்சலில் கலக்கும்வரை பாய் நின்றுகொண்டேயிருந்தார்.

அதற்குப் பிறகு போனில் அவர் கேட்கும் கேள்வி மாறவில்லை. பதிலுக்குச் சொல்வது மாறிவிட்டது. இன்னும் சொல்லவில்லை என்று யாராவது சொன்னால், "சொல்லிடுங்க. சொன்னதுக்கப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்று வைத்துவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பாய்க்கு வயசாகிவிட்டது, மனசு கல்லாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வேறு கடைக்குப் போனார்கள். பாய் மத்தியானத்தில் மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்க ஆரம்பித்தார். எழுந்ததும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல என்னைப் பார்ப்பார்.

அப்போதே அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. சிறுநீரகம் என்றார்கள், அப்புறம் இருதயமும் என்றார்கள். அவரை நான் சில தடவை பார்த்திருக்கிறேன். கடைக்கு வந்தால் பாயை ஒரு வார்த்தை பேசவிடாமல் அவரே எல்லோரிடமும் பேசிக்கொண்டிருப்பார். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் கையை விரித்ததும், இங்கிலாந்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளை வரச்சொன்னார்கள். ஒரே பெண். வளைகுடாவில் விமானம் மாறி வருகிற டிக்கெட்டை நான்தான் போட்டேன். பாய் என் பின்னால் நின்றிருந்தார்.

"வளைகுடாவுலேர்ந்து இங்க வர ஃபிளைட்ல நெட் இருக்காம்மா?"

"இருக்கு பாய்." வேறு பார்க்கச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சரி. போடு."

மகள் வளைகுடாவில் விமானம் மாறி, சென்னைக்கு வரும் விமானத்தில் ஏறிவிட்ட பிறகு, மதியத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அவர் மனைவி இறந்துபோனார். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஐசியூவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். மனைவியின் தம்பி சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தார். பாய் அழவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது ஒலித்தது. மகளிடமிருந்து செய்தி.

"அத்தா, நெட் வந்துடுச்சு. அம்மா எப்படி இருக்காங்க?"

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "மச்சான், வேணாம். புள்ள தனியா வருது. அப்படியே இருக்காங்கன்னு போடுங்க. இறங்கட்டும், சொல்லிக்கலாம். நீங்கதான மச்சான் எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எழுதி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. முடித்ததும் என்னிடம் காட்டினார், பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி.

"அம்மா மவுத்தாயிட்டாங்கம்மா. இப்பத்தான். நான் பக்கத்துல இருந்தேன். கைய புடிச்சிகிட்டு இருந்தேன். கஷ்டப்படல."

பிழை எதுவும் இல்லை. அனுப்பினார்.

இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. பதில் வரவில்லை.

அந்த இடைவெளியில் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் பேசினார். ஏன் அத்தனை வருடம் அப்படிச் செய்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"எங்க அத்தா மவுத்தானப்ப நான் ஜித்தாவுல இருந்தேன். சீரியஸ்னு தந்தி வந்து கிளம்பினேன். ஏர்போர்ட்ல, ஃபிளைட் ஏறப்போற நேரத்துல ஊர்க்காரன் ஒருத்தன் சொல்லிட்டுப் போயிட்டான். அப்ப போன் கீன் ஒண்ணும் கிடையாது. ஏறி உக்காந்தேன். ரெண்டு பக்கமும் தூங்கறானுங்க. பாஷை வேற. யார்கிட்டச் சொல்றது? பம்பாய் வர வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். நடுவுல சாப்பாடு குடுத்தாங்க. சாப்பிட்டேன்மா. நல்ல பசி. மொத்தத்தையும் சாப்பிட்டுட்டேன்." திரையைக் கட்டைவிரலால் துடைத்தார். "அது எனக்குப் போகவே இல்ல."

போன் ஒலித்தது.

"அத்தா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"போயிடாதீங்க. எழுதிக்கிட்டே இருங்க."

அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். ஆஸ்பத்திரிக் கணக்கை மைத்துனர் போய் முடித்தார். உடலை வண்டியில் ஏற்றும்போது பாய் ஒரு கையால் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு, அது உள்ளே போனதும் மறுபடி எழுதினார். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு வயதான அம்மா என்று பதில் வந்தது. அவரிடம் சொல்லு, சொல்லி அழு என்று எழுதினார். கடைசியாக அம்மா என்ன பேசினாள் என்று மகள் கேட்டாள். "உன்னத்தான் கேட்டா. இன்னும் வரலயான்னு. வந்துகிட்டு இருக்கான்னு சொன்னேன். சரின்னா" என்று எழுதினார். ஒரு இடத்தில் நெட் அறுந்துபோய், கொஞ்ச நேரம் ஒற்றை டிக்கிலேயே நின்றது. பிறகு நாலைந்து செய்தி சேர்ந்தாற்போல் வந்து விழுந்தது.

வீட்டில் பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர்கள் எப்போது அடக்கம் என்று கேட்டார்கள். அதே நேரத்தில் மகள் எழுதினாள். "நான் பாக்கற வரைக்கும் அம்மாவ எடுக்காதீங்க அத்தா."

பாய் போனைப் பெரியவர்களிடம் நீட்டிக் காட்டினார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புள்ள வந்து பாக்கட்டும், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வெச்சுக்குவோம்" என்றார் மூத்தவர். பாய் அதை அப்படியே மகளுக்கு எழுதினார்.

விமான நிலையத்துக்கு மைத்துனர் வண்டி எடுத்தார். பெண் வரும்போது கூட ஒரு பொம்பளை இருக்கட்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பல்லாவரம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது கடைசிச் செய்தி வந்தது. "இறங்கப் போறாங்களாம் அத்தா. நெட் நின்னுடும்."

"சரிம்மா. வாசல்லயே நிக்கறேன்."

அதற்கு டிக் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதிய விரல் மட்டும் இன்னும் மடியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வருகிற வாசலில் வழக்கமான கூட்டம். பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர்கள், பூங்கொத்தோடு ஒரு குடும்பம், தூக்கிவைத்த குழந்தைகள். அவள் வெளியே வந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. ஆனால் தடுமாறாமல் நடந்துவந்தாள். அவளோடு ஒரு வயதான அம்மா, வெள்ளைப் புடவை, அவளுடைய கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்கதான் அப்பாவா?" என்றார் அந்த அம்மா பாயிடம். "நீங்க அனுப்பினது எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டினா. ரெண்டு பேருமா அழுதுட்டோம். நான் வேலூர் போகணும். கால் டாக்ஸி நிக்குது." கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தனை வருடமாக அந்த வாசலில் காத்து நின்று எத்தனையோ பேரை வண்டியில் ஏற்றிச் சொன்னவர். இப்போது மகளிடம் சொல்ல அவருக்கு எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டிருந்தார். வாய் திறந்தபடியே அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அவரிடமிருந்துதான் வந்தது என்று எனக்கு உடனே தெரியவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அட்டை பிடித்திருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். மகள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் ஒருவர் விசிலடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். மைத்துனர் வண்டியை அங்கே ரொம்ப நேரம் நிறுத்த முடியாது. மைத்துனர் இறங்கி ஓடிவந்தார். "வாங்க மச்சான், வண்டில போய்க்கலாம். எல்லாரும் பாக்கறாங்க. வண்டில வந்து அழுங்க மச்சான்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, வெறும் களைப்புதான் இருந்தது.

"இருக்கட்டும் மாமா. வண்டிய ஒரு ரவுண்ட் சுத்திட்டு வாங்க. அத்தா இங்கயே அழட்டும்."